கவிழ்த்த வாளி

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு கவிதைக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது, என் தோள்பையிலிருந்து எட்டிப் பார்த்த படத்தாள்களை நண்பர் ஒருவர் உருவிப் பார்த்தார். கவிதை எழுதுகிறவர், அதைவிட அதிகமாக விமர்சனம் எழுதுகிறவர். தாள்களில் இருந்தவை 1940களின், 50களின் அமெரிக்கக் கார்களும் பிக்கப் லாரிகளும். கூரை அறுத்துத் தாழ்த்தப்பட்டவை, வயிறு தரையைத் தடவுகிறாற்போல் இறக்கப்பட்டவை. எல்லாம் பென்சிலில் கையால் போட்டவை. நண்பர் டீ ஆறுவதற்குள் மூன்று வாக்கியங்களில் என் நாற்பது வருஷப் பயிற்சியைத் தீர்த்துக்கட்டிவிட்டார். இது அமெரிக்க நுகர்வுக் குப்பை. பத்திரிகைப் படத்தைப் பார்த்துப் போடுவதில் சிருஷ்டி எங்கே இருக்கிறது? லாரிதான் போட வேண்டுமென்றால் நாமக்கல் லாரியைப் போடலாமே, அதிலாவது மண் இருக்கிறது.

நான் பதில் சொல்லவில்லை. டீக்கடையில் சொல்லும் பதில் மறுநாள் திரிந்து நமக்கே திரும்பி வருகிறது. எழுத்தில் சொன்னால் குறைந்தபட்சம் என் தப்புகள் என்னுடையவையாகவே இருக்கும்.

முதலில் ஒரு சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன். இந்தக் கார்களைக் கலை என்று அழைக்க அறிவாளிகளுக்கு எப்போதோ அனுமதி கிடைத்துவிட்டது. டாம் உல்ஃப் 1963-ல் எஸ்கொயர் பத்திரிகையில் ஜார்ஜ் பேரிஸையும் எட் ராத்தையும் பற்றி எழுதினார். 1993-ல் கலிபோர்னியாவின் லகூனா கலை அருங்காட்சியகம் இவர்களுக்காகக் கண்காட்சியே வைத்தது. மேலை நாட்டு மியூசியம் ஒப்புக்கொண்டதால் நீங்களும் ஒப்புக்கொள்ளுங்கள் என்பது நம் ஊர் விமர்சகர்கள் வழக்கமாகக் காட்டும் சீட்டு. அதைக் காட்டி உள்ளே நுழைய எனக்கு விருப்பமில்லை. மியூசியத்தில் கார் நின்றது. நான் பேச வந்தது கார் நிற்பதற்கு முன்னால் தாளில் நடக்கும் காரியத்தைப் பற்றி.

நுகர்வுக் குப்பை என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். 1927-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி கலைக்கும் வண்ணத்துக்கும் என்று ஒரு பிரிவைத் தொடங்கி ஹார்லி எர்லை அதன் தலைவராக்கியது. வருஷத்துக்கு வருஷம் காரின் முகத்தை மாற்றி, போன வருஷக் காரை வைத்திருப்பவனை வெட்கப்பட வைப்பது ஒரு வியாபாரத் தத்துவமாக வளர்ந்தது அதற்குப் பிறகுதான். நண்பரின் கோபத்துக்கு உரிய இடம் அதுதான். லாஸ் ஏஞ்சல்ஸின் பின்தெருப் பட்டறைகளில் பையன்கள் செய்தது என்ன? ஐந்தாறு வருஷப் பழைய காரை வாங்கினார்கள். முதல் வேலையாகக் கம்பெனியின் பெயர்த்தகட்டைப் பெயர்த்தெடுத்து, துளைகளை ஈயம் வைத்து அடைத்தார்கள். மூக்கிலிருந்து ஒன்று, பின்மூடியிலிருந்து ஒன்று. பிறகு கதவுக் கைப்பிடிகள். கம்பெனி காசுக்காக ஒட்டிவைத்த குரோமியத்தை வழித்தெறிந்தார்கள். ஒரு மெர்க்குரியின் விலாவில் ப்யூக் காரின் பட்டை, பின்னால் லிங்கன் காரின் விளக்கு, சக்கரத்தில் காடிலாக்கின் தொப்பி. எந்தக் கம்பெனியின் காரென்று அதைச் செய்த கம்பெனியே அடையாளம் சொல்ல முடியாதபடி ஆக்கினார்கள். இதை நுகர்வு என்று அழைக்கிறவர் அகராதியை ஒருமுறை பார்ப்பது நல்லது.

பிற்பாடு இதுவும் விற்பனைக்கு வந்தது, வாஸ்தவம். ஃபோர்டு கம்பெனி 1955-ல் செய்த லிங்கன் ஃப்யூச்சுரா என்ற கண்காட்சிக் காரையே பேரிஸ் 1966-ல் டெலிவிஷனுக்கு பேட்மேன் காராக மாற்றினார். ராத் போட்ட எலி பனியனிலும் பொம்மைப் பெட்டியிலும் ஏறியது. குப்பை வேண்டுமானால் நண்பர் அங்கே தேடலாம், நிறையக் கிடைக்கும். நான் கூடமாட உதவுகிறேன்.

இரண்டாவது குற்றச்சாட்டுதான் என்னைத் தைத்தது. ஏனென்றால் ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது.

1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில், அது எரிவதற்கு ஆறு வருஷம் முன்னால், பழைய புத்தகக் கடையொன்றில் அட்டை கிழிந்த அமெரிக்கக் கார்ப் பத்திரிகைகள் நாலைந்து வாங்கினேன். அதில் ஒரு மெர்க்குரி இருந்தது. ஜேம்ஸ் டீன் 1955-ல் வந்த படத்தில் ஓட்டுவாரே, அந்த 1949 மாடலின் ஜாதி. ஆனால் கூரை பாதியாகியிருந்தது. ஜன்னல்கள் வெறும் கீற்றுகள். அதைப் பார்த்துப் பார்த்து வருஷக்கணக்கில் போட்டேன். பார்த்துப் போட்டது அலுத்ததும் சொந்தமாகத் தாழ்த்த ஆரம்பித்தேன். ரப்பரை எடுத்து கூரையின் கோட்டை அழிப்பது, ஒரு விரற்கடை கீழே மறுபடி போடுவது. போதவில்லையா, இன்னொரு விரற்கடை. தாள் எதற்கும் மறுப்புச் சொல்லாது.

1988 வாக்கில் இந்தச் சாதனையை எடுத்துக்கொண்டு புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே எனக்குப் பழக்கமான டிங்கர் பெரியவர் ஒருவர், ஒரு கிழட்டு பிளிமத்தின் மட்கார்டைத் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தார். படத்தை வாங்கி, எண்ணெய்க் கை படாமல் ஓரத்தைப் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். "சோக்கா கீது தம்பி. ஓட்றவன் தலைய எங்க வெப்பான்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இது கற்பனை, ஓவியம் என்று ஏதோ உளறினேன். அவர் சண்டைக்கு வரவில்லை. பக்கத்தில் கிடந்த தகர வாளியைத் தரையில் கவிழ்த்தார். சாக்கட்டியால் அதன் இடுப்பில் இரண்டு கோடு போட்டார். "இந்தப் பட்டைய அறுத்து எடுத்துட்டு, மேல் துண்ட கீழ் துண்டு மேல வெச்சா ஒக்காருமா?" உட்காராது. கவிழ்த்த வாளி மேலே போகப் போகக் குறுகுகிறது. நடுப்பட்டையை எடுத்துவிட்டால் மேல் துண்டு கீழ்த் துண்டுக்குள்ளே விழுந்துவிடும். "அதான் காரு" என்று சொல்லிவிட்டு மட்கார்டுக்குத் திரும்பிவிட்டார்.

நாற்பது வருஷத்தில் கலையைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே விமர்சனப் பாடம் அதுதான் என்று சொன்னால் நண்பர் கோபித்துக்கொள்வார். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காரின் முன்கண்ணாடித் தூண் மேலே போகப் போகப் பின்னோக்கிச் சாய்கிறது. பின்கண்ணாடி மேலே போகப் போக முன்னோக்கிச் சாய்கிறது. நடுவில் நாலு அங்குலம் அறுத்தெடுத்துக் கூரையைக் கீழே இறக்கினால், கூரையின் முன்மூலைகள் தூண்களைச் சந்திக்காது, பின்பக்கமும் சந்திக்காது. கூரை குட்டையாகிப்போகும். ஒன்று, கூரையைக் குறுக்கே அறுத்து விலக்கி நடுவில் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். அல்லது அடித்தூண்களை இன்னும் சாய்த்து உள்ளே கொண்டுவர வேண்டும். இரண்டு வழியும் இரண்டு வேறு கார்கள். முதல் வழியில் கூரை நீண்டு சப்பையாகத் தெரியும். இரண்டாவதில் கண்ணாடி படுத்துக்கொள்ளும், கார் நின்ற இடத்திலேயே ஓடுகிற மாதிரி இருக்கும். எந்தக் கார் என்று ரம்பம் பிடித்தவன் தீர்மானிக்கிறான். ரப்பர் பிடித்த எனக்கு அப்படி ஒரு தீர்மானம் இருப்பதே தெரிந்திருக்கவில்லை.

பேரிஸ் சகோதரர்கள் பட்டறையில் 1952-ல் பாப் ஹிரோஹாட்டா என்ற ஜப்பானிய அமெரிக்க இளைஞருக்காகச் செய்த 1951 மெர்க்குரியை இந்தக் கண்ணோடு பாருங்கள். கூரையை முன்னே 4 அங்குலம், பின்னே 7 அங்குலம் இறக்கினார்கள். பின்னால் ஏன் அதிகம்? மெர்க்குரியின் கூரை திமில் மாதிரி. எல்லா இடத்திலும் ஒரே அளவு இறக்கினால் திமில் அப்படியே நிற்கும், கழுத்து மட்டும் குறையும். பின்பக்கம் கூடுதலாக இறக்கியதால் கூரைக்கோடு கண்ணாடியின் உச்சியிலிருந்து புறப்பட்டு பின்மூடிவரை ஒரே மூச்சில் சரிகிறது. கதவுக்குப் பின்னால் நிற்கும் நடுத்தூணையும் எடுத்துவிட்டு, ஜன்னலின் மேல்விளிம்பை வளைத்துக் கீழே கொண்டுவந்தார்கள். இந்த 4-க்கும் 7-க்கும் இடையே உள்ள 3 அங்குலத்தில்தான் அந்தக் காரின் அழகு முழுவதும் இருக்கிறது. இதை ஒரு பள்ளிக்கூடப் பையன் 1959-ல் 500 டாலருக்கு வாங்கினான். 2022-ல் ஏலத்தில் 19.5 லட்சம் டாலருக்கு, கட்டணம் தனி, போயிற்று. (1959-ல் இங்கே சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கினார். அந்தப் பழைய இதழ்களுக்கு என்ன விலை கிடைக்கும் என்று யாரும் கேட்க வேண்டாம்.)

ஆகவே பார்த்துப் போடுவதில் சிருஷ்டி இல்லை என்கிறவரிடம் நான் சொல்வது: எனக்கு அதுகூடச் சரியாக வரவில்லை, அதுதான் விஷயம். புதுப்பேட்டையிலிருந்து திரும்பியதும் தாழ்த்துவதை நிறுத்தினேன். கம்பெனி விற்றபடியே, ஒரு அங்குலம் அறுபடாத மெர்க்குரியைப் பக்கவாட்டில் போட உட்கார்ந்தேன். முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் 118 அங்குலம். டயரின் விட்டம் ஏறத்தாழ 28 அங்குலம். அதாவது நாலு டயரை ஒட்டி ஒட்டி நிறுத்தி இன்னும் கொஞ்சம் இடம். இதை அறியாமல் எட்டு வருஷம் ஒரு குட்டைக் காரைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். முன் மட்கார்டின் மேற்கோடு கதவைத் தாண்டி வந்து ஒருமுறை தாழ்ந்து, பின் மட்கார்டாக மறுபடி எழுகிறது. அந்தத் தாழ்வு எங்கே தொடங்குகிறது என்பதைப் பிடிக்க ஒரு மழைக்காலம் ஆயிற்று. சாய்கோணத்தில் பார்க்கும்போது சக்கரம் நீள்வட்டமாகிறது. அதன் குட்டையான அச்சு சக்கரத்தின் அச்சாணி போகும் திசையிலேயே கிடக்க வேண்டும். நிமிர்த்திப் போட்டீர்களானால் சக்கரம் கழன்றுவிழத் தயாராக இருப்பதுபோல் தெரியும், என்ன கோளாறு என்று பார்க்கிறவருக்குச் சொல்லத் தெரியாது. போட்டோவின் மேல் மெல்லிய தாள் வைத்துத் தடம் எடுப்பதும் உதவாது. லென்ஸ் பக்கத்துச் சக்கரத்தை ஊதிவிடுகிறது. நீங்கள் தடமெடுப்பது லென்ஸின் புத்தியை.

யாப்பை மீறினேன் என்று சொல்லும் கவிஞரிடம் ஒரு வெண்பா எழுதிக் காட்டச் சொல்வது அந்தக் காலத்துப் பண்டிதர்களின் அற்ப ஆயுதம். நான் அதைக் கையில் எடுக்க மாட்டேன். அறுக்கப்போகிற பொருள் எப்படி நின்றுகொண்டிருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது என் உண்மையான எதிரிகளுக்கு வருகிறேன். டீக்கடை நண்பர் அல்ல அவர்கள். என் சொந்தக் கூட்டத்தார். பழைய கார்களைக் கண்டால் உருகுகிறவர்கள், கையில் பென்சிலோ கம்ப்யூட்டரோ வைத்திருப்பவர்கள். இவர்களுடைய படங்களில் சக்கரம் மட்கார்டுக்குள் புதைந்திருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயர் எங்கே போகும் என்ற கேள்விக்கு இடமே இல்லை. கூரை அவ்வளவு தாழ்வு, ஓட்டுகிறவன் படுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். இப்போது நாலு வார்த்தை தட்டினால் இயந்திரமே ஆயிரம் படம் போட்டுத் தருகிறது. எல்லாம் பளபளவென்று, ஒன்றிலும் வாளி இல்லாமல். அந்த இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது நான் 1980-ல் செய்ததை வேகமாகச் செய்கிறது, அவ்வளவுதான். இது கனவு, இதற்கு அளவுகோல் கூடாது என்று எனக்குச் சொல்கிறார்களே, அவர்கள் மேல்தான் கோபம். கனவு என்ற சொல்லைச் சோம்பேறித்தனத்துக்குப் போர்வையாக்குவதை நம் கவிதையிலேயே போதுமான அளவு பார்த்தாயிற்று.

கனவு காண்பது எப்படி என்று ஹாரி பிராட்லியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சிறுவயதில் போலியோ தாக்கிப் படுத்தவர், படுக்கையில் கார்களைப் போட்டே தேறினார். ஜெனரல் மோட்டார்ஸில் வேலைக்கு இருந்துகொண்டே, டெட்ராய்ட் நகரின் அலெக்சாண்டர் சகோதரர்களுக்காக ஒரு போட்டிக் கம்பெனி லாரியைப் போட்டுக்கொடுத்தார். டாட்ஜ் ஏ-100 என்ற சின்ன பிக்கப், மூக்கில்லாத, டப்பா மாதிரியான வண்டி. அதை அவர் கிட்டத்தட்ட படகுபோல் தட்டையாக்கினார். பக்கவாட்டில் கதவே கிடையாது. முன்கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், அதன் கீழ்ப்பாகம் திறக்கும், ஆள் முன்னாலிருந்து ஏற வேண்டும். டியோரா என்று பெயர். 1967-ல் டெட்ராய்ட் கண்காட்சியின் ரிட்லர் பரிசு பெற்றது. கேட்பதற்கு முழுக் கிறுக்குத்தனம். ஆனால் அந்த முன்கண்ணாடி எது? 1960 ஃபோர்டு ஸ்டேஷன் வேகனின் பின்கண்ணாடி. கடையில் கிடைக்கிற, சட்டமும் கீலும் உள்ள, ஏற்கெனவே மேலே தூக்கித் திறந்துகொண்டிருந்த பொருள். கோட்டை இழுக்கும்போதே அது எந்தத் தகட்டிலிருந்து வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் படத்தைப் பார்த்து இரண்டு பேர் தகடு வெட்டினார்கள், வண்டி எழுந்தது.

இன்னொன்று தரைக்கோடு. பயிற்சிப் படங்களில் மிக அலட்சியமாகப் போடப்படுவது அதுதான். கார் முடிந்ததும் அடியில் ஒரு நிழலை இழுகிவிடுகிறார்கள். 1950களின் முடிவில் கலிபோர்னியாவில் ஒரு விதி வந்தது. மாற்றியமைத்த காரின் எந்தப் பாகமும் சக்கர வளையத்தின் அடிவிளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது. காரைத் தாழ்த்தி மெதுவாக ஓட்டியவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள். போலீஸ்காரர் நிறுத்தி அளந்தால் அபராதம். அதற்கு அவர்கள் கண்ட பதில், 1959-ல் ரான் அகிர்ரே தன் 1957 கார்வெட்டில் செய்து காட்டியது: விமானத்தின் உதிரி பம்புகளை வைத்து, ஒரு விசையைத் தட்டினால் கார் எழுந்து நிற்கும், இன்னொரு தட்டில் படுத்துக்கொள்ளும். போலீஸ் வரும்போது காரே எழுந்து நின்று மரியாதை செய்யும்! அந்த விதி நீங்கியது 2024 ஜனவரி 1-ஆம் தேதிதான். வளையத்தின் விளிம்புக்கும் தரைக்கும் இடையிலுள்ள அந்தச் சில அங்குலத்துக்காக ஒரு சமூகம் அறுபது வருஷத்துக்கு மேல் போலீஸோடு மல்லுக்கு நின்றிருக்கிறது. அதே அங்குலத்தை நிழலால் இழுகிவிட்டு, பக்கத்தில் ஒரு பனைமரத்தையும் போட்டு, கலிபோர்னியா என்று கீழே எழுதிவிடுகிறார் நம் ஓவியர்.

நாமக்கல் லாரி. போட்டிருக்கிறேன், மோசமாக. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் வெறும் சேஸிஸாக வருகிற வண்டிக்கு பாடி கட்டுகிற ஆசாரியும் பெயிண்டரும் செய்கிற வேலையின் அளவுகள் எனக்கு இன்னும் கைவரவில்லை. கைவராததைப் போட்டு மண் என்று நெற்றியில் எழுதி ஒட்ட என்னால் ஆகாது. மண் வேண்டும் என்கிறவருக்கு இன்னொரு சேதி: குரோமியத்துக்கு நிறம் கிடையாது. பம்பரைப் போடுவதென்றால் அதில் தெரிகிற உலகத்தைப் போடுவது. மேலே வானம், நடுவில் அடிவானத்தின் கருங்கோடு, கீழே தரை. அமெரிக்க ஓவியர்கள் பம்பரில் பாலைவனத்தைப் போடுவார்கள். எனக்கு மாதிரிக்கு மெர்க்குரி ஏது? எவர்சில்வர் குடத்தை ஜன்னலோரம் கவிழ்த்துவைத்துப் பழகினேன். குடத்தின் வயிறும் மெர்க்குரியின் மட்கார்டும் வளைவில் சகோதரர்கள். ஆகவே என் படங்களின் பம்பரில், உற்றுப் பார்த்தால், மேற்கு மாம்பலத்து மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியும் ஜன்னல் கம்பியும் வளைந்து தெரியும். நண்பர் உற்றுப் பார்க்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

இங்கே இந்தக் கார்களைச் செய்ய முடியாது. கம்பெனி தந்த அமைப்பை மாற்றக் கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. என் கோட்டை நம்பி யாரும் ரம்பத்தை எடுக்கப்போவதில்லை. புதுப்பேட்டைப் பெரியவரும் போய்விட்டார். அப்படியானால் தலை எங்கே போகும் என்ற கேள்வியை என்னிடம் கேட்க இனி யாரும் இல்லை. நானேதான் கேட்டுக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு தாளிலும். கூரையைத் தாழ்த்துமுன் உள்ளே ஒரு ஆளை உட்காரவைத்துப் போட்டுவிட்டுப் பிறகு அழித்துவிடுகிறேன். முடிந்த படத்தில் அவன் தெரிவதில்லை.

நண்பருக்கு ஒரு வேண்டுகோள். ரூலரும் பென்சிலும் எடுத்து, 118 அங்குலத்தைத் தாளில் சௌகரியமான அளவுக்குச் சுருக்கிக்கொண்டு, 1949 மெர்க்குரியை அறுக்காமல், பக்கவாட்டில், தடமெடுக்காமல் ஒன்று போட்டு அனுப்பட்டும். பக்கத்தில் என்னுடையதையும் போட்டு அடுத்த இதழில் வெளியிட ஆசிரியர் இடம் தருவார் என்று நினைக்கிறேன். என்னுடையதில் பின் மட்கார்டு எழுகிற இடம் இன்னும் சரியில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.